வட்டுக்குப் போட்ட பூட்டுகள்

2002ஆம் ஆண்டு மே மாதம் உலகப் பத்திரிகைகளில் ஒரு விநோதமான செய்தி வந்தது. இசை நிறுவனங்கள் பெரும் செலவு செய்து கொண்டுவந்த நகல் தடுப்பு முறை ஒன்றை, எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் மார்க்கர் பேனா தோற்கடித்துவிட்டது! சிடியின் பளபளப்பான பக்கத்தில், வெளி விளிம்பை ஒட்டி ஒரு கோடு போட்டால் போதும். அதுவரை கணினியில் ஓட மறுத்த பாட்டு சிடி ஒழுங்காக ஓடியது.

படித்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பாட்டைத் தன் சொந்தக் கணினியில் கேட்பதற்கு ஒருவர் ஏன் அதன்மேல் கோடு கிழிக்க வேண்டும்? இந்தப் பூட்டு யாருக்காகப் போடப்பட்டது? இதற்குப் பதில் தேட, சிடி பிறந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பூட்டே இல்லாத காலம்

சிடி என்னும் குறுந்தகட்டை பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து உருவாக்கின. 1982 அக்டோபரில் ஜப்பானில் முதல் சிடி பிளேயர் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. நடுவிலிருந்து வெளியே சுருள் சுருளாகப் போகும் ஒரே பாதை. பாதை நெடுக நுண்ணிய பள்ளங்கள். அவற்றின்மேல் அலுமினியப் பூச்சு, அதற்கும் மேல் மெல்லிய அரக்குப் பூச்சு, அதன்மேல் அட்டைப் படம். கீழிருந்து விழும் லேசர் ஒளி திரும்பி வரும் விதத்தை வைத்து, அந்த இடம் பள்ளமா சமதளமா என்று கண்டுபிடிப்பதுதான் பிளேயரின் வேலை.

அந்த சிடியில் பூட்டு எதுவும் இல்லை. நகல் எடுக்க அனுமதி உண்டா இல்லையா என்று சொல்லும் ஒரே ஒரு பிட் மட்டும் உண்டு. அது சுவரில் எழுதியிருக்கும் 'நோட்டீஸ் ஒட்டாதீர்கள்' மாதிரி. மதிப்பவர் மதிக்கலாம், அவ்வளவுதான்.

பூட்டு போடாததற்குக் காரணம் கவனக்குறைவு அல்ல. அன்றைக்கு அது தேவைப்படவில்லை. சிடி ஒலியை விநாடிக்கு 44,100 முறை, இரண்டு சேனலில், 16 பிட் அளவில் பதிகிறது. கணக்குப் போட்டால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். 1983ல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியின் வன்தட்டு மொத்தமே 10 மெகாபைட்தான்! ஒரு பாட்டின் பல்லவியும் முதல் சரணமும் முடிவதற்குள் அந்தக் கணினி நிரம்பிவிடும். அதன் பிரமாண்டமான அளவே அதற்குப் பூட்டாக இருந்தது.

இந்த நிலை பத்து ஆண்டுகளில் மாறியது. ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988ல், ஒருமுறை எழுதக்கூடிய சிடி-ஆர் வட்டை அறிமுகம் செய்தது. 1995ல் ஹ்யூலெட் பேக்கார்ட் நிறுவனத்தின் சிடி ரைட்டர் ஒன்று ஆயிரம் டாலருக்குள் கிடைத்தது. அதற்குப் பின் விலை சரிந்துகொண்டே வந்தது. வன்தட்டுகளும் ஜிகாபைட் கணக்கில் வளர்ந்துவிட்டன. அமெரிக்கா 1992ல் ஒரு சட்டம் போட்டு, வீட்டு டிஜிட்டல் ரெக்கார்டர்கள் ஒரிஜினலிலிருந்து நகல் எடுக்கலாம், நகலிலிருந்து நகல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியிருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள் கணினி வரவில்லை. மேற்சொன்ன அனுமதி பிட்டைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை.

காப்புப் பிரதி எதற்கு?

சிடிக்கு அழிவே இல்லை என்ற பேச்சு ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது உண்மையல்ல. பளபளக்கும் அடிப்பக்கம் கீறினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அங்கே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிமனான பிளாஸ்டிக் இருக்கிறது, பாலிஷ் போட்டும் சரிசெய்யலாம். பலரும் பயப்படாமல் கையாளும் படம் அச்சிட்ட மேல்பக்கம்தான் ஆபத்தானது. அரக்குப் பூச்சு கிழிந்தால் அலுமினியமும் சேர்ந்து போய்விடும். போன பாட்டு போனதுதான்.

கையே படாமலும் வட்டு கெடும். இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் இருந்த ஒரு தொழிற்சாலையில் 1988 முதல் 1993 வரை அச்சான சிடிக்களில் பல, சில ஆண்டுகளில் பழுப்பேறி வெண்கல நிறத்துக்கு மாறின. பூச்சு சரியில்லாததால், உறையின் தாளிலிருந்த கந்தகமே வட்டின் உலோகத்தை அரித்துவிட்டது.

ஆகவே வாங்கிய வட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைப்பது திருட்டுப் புத்தி அல்ல. ஊறுகாய் ஜாடியிலிருந்து சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துப் புழங்குவதுபோல, நகலைப் புழங்கிவிட்டு ஒரிஜினலைப் பத்திரமாக வைப்பது சாதாரணப் புத்திசாலித்தனம். நகல் தடுப்பு முதலில் மோதியது இந்தப் பழக்கத்தோடுதான்.

பிழை இருந்தால்தான் ஒரிஜினல்

முதலில் பூட்டுப் போட்டவர்கள் கணினி விளையாட்டு நிறுவனங்கள். அவர்கள் பிடித்த வழி எளிமையானது: தொழிற்சாலையில் அச்சிட முடிகிற, ஆனால் வீட்டு ரைட்டரால் எழுத முடியாத ஏதோ ஓர் அடையாளத்தை ஒரிஜினலில் வைத்துவிடு. விளையாட்டு தொடங்கும்போது அந்த அடையாளம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் ஓடாதே.

1994 டிசம்பரில் ஜப்பானில் வெளியான சோனி பிளேஸ்டேஷன் இதற்கு நல்ல உதாரணம். அதன் விளையாட்டுத் தட்டுகள் அடிப்பக்கம் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பில்தான் ரகசியம் இருக்கிறது என்று பலர் நினைத்தார்கள். கறுப்பு வெறும் அலங்காரம்தான். உண்மையான பூட்டு, வட்டின் தொடக்கப் பகுதியில் சுருள் பாதை மிக நுட்பமாக நெளிந்து போவதில் இருந்தது. அந்த நெளிவில் நான்கு எழுத்துகள் பொதிந்திருந்தன. ஜப்பானுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று, ஐரோப்பாவுக்கு ஒன்று. வெற்று சிடி-ஆர் வட்டில் பாதை ஏற்கெனவே வேறு விதமாக வகுக்கப்பட்டிருப்பதால், ரைட்டரால் இந்த நெளிவைப் போட முடியாது. பிட்டுக்கு பிட் சரியாக நகல் எடுத்தாலும் பிளேஸ்டேஷன் அதை ஏற்காது.

விளைவு என்ன? 'மாட்சிப்' என்ற சிறிய சில்லுகள் சந்தைக்கு வந்தன. பிளேஸ்டேஷனுக்குள் அதைப் பற்றவைத்தால், நெளிவு இருப்பதாக அது இயந்திரத்திடம் பொய் சொல்லிவிடும். திருட்டுத் தட்டு விற்றவர்களின் வியாபாரம் நடந்தது. இயந்திரத்தைப் பிரித்துச் சில்லு வைக்கத் துணியாத வீட்டுக்காரரின் குழந்தை கீறிய தட்டுக்கு மட்டும் மாற்று இல்லாமல் போனது.

கணினி விளையாட்டுகளில் 1998ல் வந்த சேஃப்டிஸ்க் முறை இன்னும் வேடிக்கையானது. சிடி-ராமில் ஒவ்வொரு 2,048 பைட் தகவலோடும் பிழை கண்டுபிடித்துத் திருத்த உதவும் கூடுதல் எண்களும் இருக்கும். சேஃப்டிஸ்க், நூற்றுக்கணக்கான இடங்களில் அந்த எண்களை வேண்டுமென்றே தவறாக வைத்தது. சாதாரண நகல் மென்பொருள் அந்த இடத்துக்கு வந்ததும், 'படிக்க முடியவில்லை' என்று திரும்பத் திரும்ப முயன்று, கடைசியில் நின்றுவிடும். அப்படியே தட்டுத் தடுமாறி எடுத்து முடித்தாலும், நல்ல பிள்ளையாகப் பிழைகளைத் திருத்தி எழுதிவிடும். விளையாட்டோ அந்தப் பிழையைத்தான் தேடும். பிழை இருந்தால் ஒரிஜினல், சுத்தமாக இருந்தால் நகல்!

பிழைகளையும் அப்படியே பிரதி எடுக்கும் குளோன்சிடி போன்ற மென்பொருள்கள் வந்தன. அதற்கு எதிராக சேஃப்டிஸ்கின் அடுத்த பதிப்பு வேறு தந்திரம் செய்தது. வட்டில் பள்ளமும் சமதளமும் நீண்டகால அளவில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேசர் தடுமாறும். இந்தச் சமநிலையைக் குலைக்கக்கூடிய எண் வரிசைகளைத் தேடிப் பொறுக்கி வட்டில் வைத்தார்கள். தொழிற்சாலைக் கருவி அதைச் சமாளித்து எழுதும். மலிவான ரைட்டர் எழுதினால் அந்த இடம் படிக்க முடியாமல் போகும். சோனியின் துணை நிறுவனம் உருவாக்கிய செக்யூராம் முறையின் பிற்காலப் பதிப்புகள், தகவல் எவ்வளவு நெருக்கமாக அச்சாகியிருக்கிறது என்பதையே நேரக் கணக்கில் அளந்தன. ரஷ்யாவின் ஸ்டார்ஃபோர்ஸ், வட்டில் இரண்டு இடங்களுக்கு இடையிலான கோணத்தை அளந்தது. பூட்டு நுட்பமாக ஆக ஆக, அதை உடைப்பவர்களின் வித்தையும் வளர்ந்தது.

நடுவில் அகப்பட்டவர் வாங்கியவர்தான். விளையாட்டு முழுவதும் வன்தட்டில் பதிந்திருந்தாலும், ஒவ்வொரு முறையும் ஒரிஜினல் சிடியை டிரைவில் போட்டாக வேண்டும். தினமும் எடுத்துப் போட்டால் கீறல் விழும். கீறினால் மாற்று நகல் எடுக்க வழியில்லை. கணினியில் மாயச் சிடி டிரைவை உருவாக்கும் மென்பொருள் இருப்பது தெரிந்தாலே சில விளையாட்டுகள் ஓட மறுத்தன. கடைசியில், முறையாகக் காசு கொடுத்து வாங்கியவர்களே சிடி சோதனையை நீக்கிய உடைபட்ட கோப்பைத் தேடி, திருட்டு விளையாட்டு விற்கும் ஆட்களின் தளங்களுக்குப் போக வேண்டியதாயிற்று. திருட்டுப் பிரதி வாங்கியவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அவருடைய பிரதியில் பூட்டு முன்பே கழற்றப்பட்டிருந்தது.

பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்

1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997ல் அமெரிக்காவிலும் டிவிடி வந்தது. சிடியில் பட்ட சூட்டை மறக்காத திரைப்பட நிறுவனங்கள் இம்முறை ஆரம்பத்திலேயே பூட்டு கேட்டன. அதுவும் வேறு வகைப் பூட்டு. அடையாளம் தேடுவது அல்ல, படத்தையே குறியாக்கம் செய்து கலைத்து வைப்பது. அதற்கு சிஎஸ்எஸ் என்று பெயர்.

வேலை செய்யும் விதம் இப்படி: படத்தின் கோப்புகளைத் திறக்க ஒரு சாவி. அந்தச் சாவியைத் திறக்க வட்டுச் சாவி என்று இன்னொன்று. வட்டுச் சாவியை 409 வெவ்வேறு பிளேயர் சாவிகளால் பூட்டி, 409 பிரதிகளாக வட்டின் தொடக்கப் பகுதியில் வைத்திருப்பார்கள். உரிமம் வாங்கிய ஒவ்வொரு பிளேயர் தயாரிப்பாளரிடமும் ஒரு சாவி இருக்கும். அது 409ல் ஒன்றைத் திறக்கும். கடையில் விற்ற வெற்று டிவிடி வட்டுகளில் சாவி இருக்கவேண்டிய அந்த இடத்தில் வீட்டு ரைட்டர் எழுத முடியாதபடி அடைத்துவிட்டார்கள். கோப்புகளை அப்படியே நகலெடுத்தாலும் சாவி வராது. படம் வெறும் குப்பையாகத்தான் தெரியும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அச்சகம் வைத்துத் திருட்டு டிவிடி போடுபவர், சாவிப் பகுதியையும் சேர்த்து அப்படியே அச்சடித்துவிடலாம். அவருக்குப் பூட்டைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லை. அதாவது, சிஎஸ்எஸ் தடுத்தது பெரும் திருடனை அல்ல, வீட்டில் ஒரு பிரதி எடுக்க நினைத்தவரை.

இந்தப் பூட்டோடு சேர்ந்து வந்ததுதான் வட்டாரக் குறியீடு. அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, இந்தியாவும் இலங்கையும் 5. லண்டனில் இருக்கும் மாமாவோ சிங்கப்பூரில் இருக்கும் அக்காவோ ஆசையாக வாங்கி அனுப்பிய டிவிடி, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஓடாமல் போகலாம். கணினி டிரைவில் வட்டாரத்தை ஐந்து முறை மாற்றிக்கொள்ளலாம். ஐந்தாவது முறைக்குப் பின் அதுவும் நிலைத்துவிடும்.

சிஎஸ்எஸ்ஸின் அடிப்படைக் குறை, சாவி ஒவ்வொரு வாடிக்கையாளரின் வீட்டிலும் இருந்தாக வேண்டும் என்பது. படத்தைப் பார்க்க வேண்டுமென்றால் பிளேயர் அதைத் திறந்துதானே ஆக வேண்டும்? ஸிங் என்ற நிறுவனத்தின் கணினி பிளேயர் மென்பொருளில் சாவி சரியாக மறைக்கப்படவில்லை. அங்கிருந்து அது வெளிப்பட்டது. 1999 அக்டோபரில் டிசிஎஸ்எஸ் என்ற சிறு மென்பொருள் இணையத்தில் வெளியானது. வெளியிட்டவர் நார்வேயைச் சேர்ந்த ஜான் லெக் ஜோஹன்சன், வயது 15. பெயர் வெளியிடாத இருவர் அவரோடு சேர்ந்து வேலை செய்திருந்தார்கள். அப்போது லினக்ஸ் கணினிகளில் டிவிடி பார்க்க உரிமம் பெற்ற பிளேயரே கிடையாது, அதற்காகத்தான் இதைச் செய்தோம் என்பது அவர் சொன்ன விளக்கம்.

ஒரு சாவி வெளியானதும் மற்றவையும் சரிந்தன. சிஎஸ்எஸ் சாவியின் நீளம் 40 பிட், அதாவது சுமார் ஒரு லட்சம் கோடி சாத்தியங்கள். ஆனால் முறையின் அமைப்பிலேயே இருந்த பலவீனங்களால், அத்தனையையும் சோதிக்கத் தேவையே இல்லை என்று ஃபிராங்க் ஸ்டீவன்சன் அதே 1999ல் காட்டினார். ஒரு வீட்டுக் கணினியே போதும் என்றாகிவிட்டது.

2000 ஜனவரியில் நார்வே போலீஸ் ஜோஹன்சனின் வீட்டைச் சோதனையிட்டது. வழக்கு மூன்று ஆண்டுகள் இழுத்தது. தான் வாங்கிய டிவிடியைத் தானே திறந்து பார்த்தவரை அத்துமீறி நுழைந்தவர் என்று சொல்ல முடியாது என்ற அடிப்படையில், 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே டிசம்பரில் மேல்முறையீட்டிலும் விடுதலைதான்.

அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. அங்கே 1998ல் வந்த டிஎம்சிஏ சட்டம், நகல் தடுப்பை உடைக்கும் கருவியைத் தருவதையே குற்றமாக்கியிருந்தது. டிசிஎஸ்எஸ்ஸை வெளியிட்ட '2600' பத்திரிகைக்கு எதிராக 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வெளியிடக் கூடாது, வெளியிட்ட இடத்துக்கு இணைப்புக் கொடுக்கவும் கூடாது! கணினி நிரலும் பேச்சுதான் என்று வாதிட்டவர்கள் அதைச் சட்டையில் அச்சிட்டு அணிந்தார்கள், கவிதையாக எழுதினார்கள். 2001ல் ஃபில் கார்மடி என்பவர் அந்த நிரலையே உள்ளடக்கிய 1,401 இலக்கப் பகா எண்ணைக் கண்டுபிடித்து, ஓர் எண்ணைத் தடைசெய்ய முடியுமா என்று கேட்காமல் கேட்டார்.

காப்புப் பிரதி எடுப்பவர்களுக்கு நேரடியான அடி 2004ல் விழுந்தது. 321 ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம், வாங்கிய டிவிடிக்கு நகல் எடுக்க உதவும் மென்பொருளை வெளிப்படையாகக் கடைகளில் விற்றுவந்தது. வாடிக்கையாளருக்குத் தன் டிவிடியைப் பிரதி எடுக்கும் உரிமை இருக்கலாம், ஆனால் அதற்குப் பூட்டைத் திறக்கும் கருவியை விற்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதே பிப்ரவரியில் வந்த தீர்ப்பின் சாரம். ஆகஸ்டில் நிறுவனம் மூடப்பட்டது. உரிமை உண்டு, கருவி இல்லை. கிணறு உன்னுடையது, வாளி வைத்திருந்தால் குற்றம் என்ற கதைதான்.

வேலியே பயிரை மேய்ந்த கதை

இப்போது மார்க்கர் பேனாவுக்கு வரலாம். டிவிடிக்குப் பூட்டு இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று இசை நிறுவனங்கள் 2000களின் தொடக்கத்தில் யோசித்தன. ஆனால் உலகில் கோடிக்கணக்கான சிடி பிளேயர்கள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் ஓட வேண்டும், கணினியில் மட்டும் ஓடக் கூடாது. எப்படி?

வட்டின் பொருளடக்கத்தில் பொய் சொல்வது ஒரு வழி. சாதாரண சிடி பிளேயர் வட்டின் முதல் பகுதியை மட்டும் படிக்கும். கணினி டிரைவோ, பின்னால் இன்னொரு பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கடைசிவரை தேடும். ஆகவே வெளி விளிம்பருகே குழப்பமான இரண்டாம் பகுதி ஒன்றை வைத்துக் கணினியைத் தடுமாறச் செய்தார்கள். மார்க்கர் பேனா மறைத்தது அந்தப் பகுதியைத்தான். கணினி அதைப் பார்க்க முடியாதபோது, பழைய பிளேயர் போலவே முதல் பகுதியை ஒழுங்காகப் படித்தது.

ஆனால் கணினி போலவே வேலை செய்யும் கார் பிளேயர்களும் டிவிடி பிளேயர்களும் கூடச் சில வட்டுகளில் தடுமாறின. சில ஆப்பிள் கணினிகளில் வட்டு மாட்டிக்கொண்டு வெளியே வரவே மறுத்தது. சிடியின் தாய்வீடான பிலிப்ஸ் நிறுவனமே 2002ல், இவை விதிப்படியான சிடிக்கள் அல்ல, காம்பேக்ட் டிஸ்க் என்ற சின்னத்தை இவற்றில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது. இன்னொரு கேடும் உண்டு. பிழை திருத்தத்துக்கான எண்களில் கை வைத்த முறைகளில், பிற்பாடு விழும் உண்மையான கீறலைச் சமாளிக்கும் திறன் வட்டுக்குக் குறைந்துவிடும். நகல் எடுக்க முடியாத வட்டு, சீக்கிரம் கெடவும் செய்தது.

அடுத்த வழி, வட்டோடு ஒரு மென்பொருளையும் அனுப்பி, கணினியில் அதைத் தானாகவே ஓடவிட்டு நகலெடுப்பதைத் தடுப்பது. 2003ல் சன்காம் நிறுவனத்தின் இத்தகைய முறை ஒன்றை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன் ஆராய்ந்தார். சிடி போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அந்த மென்பொருள் ஓடவே ஓடாது என்று எழுதினார். நிறுவனம் வழக்குப் போடப்போவதாக மிரட்டி, பிறகு பின்வாங்கியது.

2005ல் நடந்ததுதான் உச்சம். சோனி பிஎம்ஜி நிறுவனம் எக்ஸ்சிபி என்ற முறையை 52 இசைத் தொகுப்புகளில் பயன்படுத்தியது. அக்டோபர் 31 அன்று, விண்டோஸ் நிபுணர் மார்க் ருசினோவிச் தன் கணினியில் விசித்திரமான ஒன்றைக் கண்டதாக எழுதினார். அவர் வாங்கிய பாட்டு சிடி, விண்டோஸின் அடிவயிற்றில் ஒரு மென்பொருளைப் புதைத்துவைத்திருந்தது. குறிப்பிட்ட சில குறிகளோடு பெயர் தொடங்கும் எந்தக் கோப்பும் கணினி உரிமையாளரின் கண்ணுக்கே தெரியாமல் அது மறைத்தது. ரூட்கிட் என்று சொல்லப்படும் இந்த உத்தியை அதுவரை பயன்படுத்தியவர்கள் கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைபவர்கள். நீக்க முயன்றால் சிடி டிரைவே காணாமல் போகும் நிலை. சில நாட்களிலேயே, இந்த மறைவிடத்தைப் பயன்படுத்தி ஒளிந்துகொள்ளும் வைரஸ்களும் வந்துவிட்டன.

இதற்குள் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. அந்த நகல் தடுப்பு மென்பொருளுக்குள்ளேயே, மற்றவர்கள் எழுதிய கட்டற்ற மென்பொருளின் நிரல்கள் உரிம நிபந்தனைகளை மதிக்காமல் சேர்க்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. காப்புரிமையைக் காக்க வந்த காவலாளியின் மடியிலேயே அடுத்தவர் பொருள்!

20 லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகள் அதற்குள் விற்றுவிட்டன. நவம்பரில் சோனி பிஎம்ஜி அவற்றைத் திரும்பப் பெற அறிவித்தது. டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் வணிக ஆணையத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கெட்டுப்போன கணினியைச் சரிசெய்ய 150 டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. பெரிய இசை நிறுவனங்கள் பாட்டு சிடியில் பூட்டுப் போடும் முயற்சியை ஏறத்தாழ அதோடு கைவிட்டன. இந்தக் கதையில் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் காசு கொடுத்து வாங்கியவர் என்பதை மறக்கக் கூடாது. இணையத்தில் திருட்டுத்தனமாகப் பாட்டை இறக்கியவரின் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

புளூ-ரே: மாறிக்கொண்டே இருக்கும் பூட்டு

சிஎஸ்எஸ்ஸின் தோல்வியிலிருந்து திரைப்பட நிறுவனங்கள் ஒரு பாடம் கற்றன. உடைந்த பூட்டை மாற்றும் வசதி வேண்டும். 2006ல் வந்த புளூ-ரேயிலும் அதன் போட்டியாளரான எச்டி டிவிடியிலும் ஏஏசிஎஸ் என்ற முறை வந்தது. சாவி 128 பிட். ஏதாவது ஒரு பிளேயரின் சாவி வெளிப்பட்டால், அதற்குப் பின் அச்சாகும் வட்டுகளில் அந்தச் சாவி செல்லாமல் போகும்.

கணக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே 2006 டிசம்பரிலேயே, கணினி பிளேயரின் நினைவகத்திலிருந்து வட்டுகளின் சாவிகளை எடுக்கும் வழி வெளியானது. 2007ல் பல வட்டுகளைத் திறக்கும் ஒரு 16 பைட் எண் இணையத்தில் கசிந்தது. அதை நீக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ்கள் பறந்தன. மே 1 அன்று டிக் என்ற செய்தித் தளம் அந்த எண்ணை நீக்கியபோது, வாசகர்கள் கொதித்தெழுந்து தளம் முழுக்க அதையே நிரப்பினார்கள். அன்றே தளம் பணிந்தது. எழுதாதே என்று சொன்னதால்தான் அந்த எண் லட்சக்கணக்கானவர்களுக்குத் தெரிந்தது.

சாவி ரத்தாகும்போது யாருக்குத் தொல்லை? வின்டிவிடி மென்பொருளின் சாவி ரத்தானபோது, அதைக் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்கள் எல்லோரும் புதிய பதிப்பை நிறுவினால்தான் புதுப் படங்களைப் பார்க்க முடிந்தது. பின்னர் சினாவியா என்ற முறையும் வந்தது. இது படத்தின் ஒலிக்குள்ளேயே காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்துவைக்கிறது. 2012 முதல் புளூ-ரே பிளேயர்கள் இதைச் சோதிக்க வேண்டும் என்றானது. நகல் என்று தெரிந்தால் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒலி நின்றுவிடும். தன் வட்டுக்குத் தானே எடுத்த நகல், கடையில் வாங்கிய திருட்டு நகல் என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு நிலை வேறு. பிரிட்டன் 2014 அக்டோபரில், சொந்தப் பயனுக்காக வாங்கிய சிடியை நகலெடுப்பதைச் சட்டப்படி அனுமதித்தது. அதுவரை அது சட்டமீறல்! அடுத்த ஆண்டே, 2015 ஜூலையில், இசைத் துறையினர் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்துசெய்துவிட்டது.

இந்தியாவின் காப்புரிமைச் சட்டம், முறையாகப் பெற்ற கணினி மென்பொருளுக்கு, இழப்பிலிருந்து பாதுகாக்கத் தற்காலிகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள 52ஆம் பிரிவில் இடம் தருகிறது. 2012 திருத்தத்தில் 65ஏ என்ற பிரிவு சேர்ந்தது. நகல் தடுப்பை உடைத்தால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை. ஆனால் 'உரிமையை மீறும் நோக்கத்தோடு' உடைத்தால்தான் குற்றம். அந்தச் சில சொற்கள் முக்கியமானவை. அமெரிக்கச் சட்டம் பூட்டைப் பார்க்கிறது, இந்தியச் சட்டம் பூட்டைத் தொட்டவரின் எண்ணத்தையும் பார்க்கிறது.

பூட்டுக்காரர் போன பிறகு

இந்த வரலாற்றின் உண்மையான விலை இப்போதுதான் தெரிகிறது. பூட்டு போட்ட நிறுவனமும், அந்தப் பூட்டைப் புரிந்துகொள்ளும் கருவியும் நிரந்தரமல்ல. ஆனால் பூட்டு வட்டிலேயே அச்சாகியிருக்கிறது.

சேஃப்டிஸ்க் விண்டோஸுக்குள் இயங்க ஒரு துணைக் கோப்பு வேண்டும். அதில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007ல் தெரிந்தது. 2015ல் வந்த விண்டோஸ் 10ல் மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு ஒரு புதுப்பிப்பின் வழியே பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் முடக்கியது. வட்டில் ஒரு கீறல் கூட இல்லை, ஆனாலும் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் ஒரே நாளில் தம் சொந்தக்காரர்களை உள்ளே விட மறுத்தன. 4கே புளூ-ரே படங்களைக் கணினியில் பார்க்க இன்டெல் சில்லில் இருந்த ஒரு பாதுகாப்பு வசதி கட்டாயம். இன்டெல் தன் புதிய மேசைக்கணினிச் சில்லுகளிலிருந்து அந்த வசதியையே எடுத்துவிட்டது. புதிய, வேகமான கணினியில் படம் ஓடாது, பழையதில் ஓடும்!

2025ல் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம், 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில கெட்டுப்போவதை ஒப்புக்கொண்டது. முடிந்தவற்றுக்கு அதே படத்தை மாற்றித் தந்தது. சில படங்கள் அச்சில் இல்லை, சிலவற்றின் உரிமை முடிந்துவிட்டது. அவற்றுக்குப் பதிலாக அதே மதிப்புள்ள வேறு படம் தருவதாகச் சொன்னது. தொலைந்த ஆல்பத்துக்குப் பதில் வேறொரு குடும்பத்தின் ஆல்பத்தைத் தருவது போலத்தான் அது. அந்தப் படங்களைப் பத்தாண்டுகளுக்கு முன்பே பூட்டைத் திறந்து வன்தட்டில் எடுத்து வைத்தவர்களிடம் மட்டும் அவை பத்திரமாக இருக்கின்றன. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் அவர்கள் செய்தது சரியல்ல.

நகல் தடுப்பை உருவாக்கியவர்களின் கவலையும் பொய்யல்ல. திருட்டு வட்டுகளால் பாட்டெழுதியவரும் படமெடுத்தவரும் நஷ்டப்பட்டார்கள். ஆனால் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்ட ஒவ்வொரு பூட்டும், திருடனிடம் கொஞ்ச காலம்தான் தாக்குப்பிடித்தது. வாங்கியவரிடம் மட்டும் கடைசிவரை பூட்டாகவே இருந்தது.

1982ல் அச்சான ஒரு சாதாரணப் பாட்டு சிடியை இன்று எடுத்து, எந்த டிரைவிலும் போட்டுக் கேட்கலாம், ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தலாம். அதைத் தயாரித்தவர்கள் பூட்டு போட மறந்தவர்கள் அல்ல, தேவையில்லை என்று நினைத்தவர்கள். பின்னால் வந்த எத்தனையோ நவீன வட்டுகளைத் தாண்டி அது பிழைத்திருப்பதற்கு அந்தத் திறந்த கதவும் ஒரு காரணம்.